தமிழிலிருந்து தமிழுக்கு

மதுரையில் ஒரு குடைக்கடைக்கு மேலே மாடியில் ஒரு சங்கம் இருந்தது. 'அயலகத்தார் மற்றும் அடைக்கலம் புகுந்தோர் உரிமை காக்கும் சட்ட உதவி மன்றம்' என்பது அதன் முழுப் பெயர். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளமாகப் போய்விட்டதால் மூலையில் மடக்கிச் சந்துப் பக்கமாகத் திருப்பி அடித்திருந்தார்கள். வீதியில் போகிறவர்களுக்கு 'அயலகத்தார் மற்றும் அடைக்கலம் புகுந்தோர் உரிமை' என்பது வரைக்கும்தான் தெரியும். அந்த உரிமையைச் சங்கம் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளச் சந்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும். சந்து முனையில் ஆட்கள் ஒதுங்குகிற வழக்கம் இருந்ததால் யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

அந்த மன்றத்தில் காசிமாயன் தட்டச்சராக இருந்தார். எழுமலைக்காரர். ஒரு தப்பு விழாமல் நிமிடத்துக்கு நாற்பது சொல் அடிப்பார் என்பதைத் தவிர அவரைப் பற்றிச் சொல்ல அதுவரை ஒன்றுமில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு தை மாதம் அவரை மொழிபெயர்ப்பாளர் ஆக்கினார்கள். தமிழிலிருந்து தமிழுக்கு.

அதற்குக் காரணம் விதி பதினான்கு. 'அயல்நாட்டார் எவருடைய வாக்குமூலமும் மொழிபெயர்ப்பாளர் வழியாகவே பதியப்பட வேண்டும்' என்பது அந்த விதி. மன்றத்தின் விதிகளை வடக்கே எங்கோ இருந்த ஒரு சங்கத்திடமிருந்து அப்படியே வாங்கி மொழிபெயர்த்திருந்தார்கள். இங்கே வருகிற அகதிகள் இலங்கையிலிருந்து வருகிறார்கள், அவர்களும் தமிழ்தான் பேசுகிறார்கள் என்பதை ஒரு உறுப்பினர் பொதுக்குழுவில் எழுந்து சொல்லிப் பார்த்தார். மன்றத் தலைவரான வழக்கறிஞர் வெள்ளைத்துரை அவருக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார்.

"அவர்கள் பேசுவது தமிழ் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது அயல்நாட்டில் பேசப்படும் தமிழ். இன்று நாம் விதி பதினான்கைத் தளர்த்தினால், நாளை பதினைந்தையும் தளர்த்தச் சொல்வார்கள்."

விதி பதினைந்து, தலைவரின் பதவிக்காலத்துக்கு வரம்பில்லை என்பது. உறுப்பினர் உட்கார்ந்துவிட்டார்.

மொழிபெயர்ப்பாளர் தேர்வு அன்றைக்கே நடந்தது. இருந்த ஒரே சம்பள ஆள் காசிமாயன்தான் என்பதால் போட்டி கடுமையாக இல்லை.

"இலங்கைத் தமிழ் பழக்கமுண்டா?" என்று கேட்டார் தலைவர்.

"எங்க ஊரு டீக்கடையில பத்து வருசமா இலங்கை வானொலி கேட்டுருக்கேங்கய்யா."

"புரியுமா?"

காசிமாயனுக்கு அதில் வந்த சினிமாப் பாட்டுகள் அத்தனையும் புரிந்திருந்தன. "தெளிவாப் புரியும்ங்கய்யா" என்றார். அது பொய் என்று அப்போது அவருக்கே படவில்லை. மேசைமேல் கை வைத்து, 'தமிழிலிருந்து தமிழுக்கு எதையும் கூட்டாமலும் குறைக்காமலும் மாற்றுவேன்' என்று உறுதிமொழி எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவருக்குத் தனி நாற்காலி. தட்டச்சுப் பொறிக்கு முன்னால் முக்காலியும், மொழிபெயர்க்கும்போது நாற்காலியும். அடிக்கும்போது இதிலும் பேசும்போது அதிலுமாக மாறி மாறி உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் கை வைத்துக்கொள்ள இடம் இருந்தது. அது அவருக்குப் பிடித்துப்போனது.

நாகரத்தினம் என்ற அம்மாள் மாசியில் வந்தாள். வாடிப்பட்டி ரோட்டில் ஒரு பழைய நெல் கிடங்கை முகாமாக்கி வைத்திருந்தார்கள். அங்கிருந்து பஸ் பிடித்து வந்தவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு தூக்குச்சட்டி.

"வணக்கம் ஐயா. கொஞ்சம் கதைக்கலாமோ?" என்றாள்.

வெள்ளைத்துரை நிமிர்ந்தார். "கதையெல்லாம் வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்லச் சொல்."

காசிமாயன் முக்காலியிலிருந்து நாற்காலிக்கு மாறினார். "ஐயா, கதைக்கிறதுன்னா அவுக பாஷையில பேசுறது. பேசலாமான்னு கேக்குறாங்க."

தலைவர் அங்கே உட்கார்ந்திருந்த உறுப்பினர்களைத் திரும்பிப் பார்த்தார். "பார்த்தீர்களா, விதி பதினான்கு?" என்றார். அந்த அரை நொடியில் காசிமாயனுக்கு ஏறிய பெருமைதான் பின்னால் வந்த அத்தனைக்கும் மூலம்.

அவள் கேட்டது சின்ன விஷயம். அவள் புருஷனுக்கு இடுப்பில் குண்டு பட்டு, மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். இன்னும் காலை ஊன்ற முடியவில்லை. முகாமிலிருந்து ஆட்களைக் கப்பலில் திருப்பி அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள். விருப்பப்பட்டவர்களை மட்டும்தான் அனுப்புகிறார்கள் என்றாலும், யார் விருப்பப்பட்டார்கள் என்பது பட்டியல் வந்த பிறகுதான் விருப்பப்பட்டவர்களுக்கே தெரிகிறது. அவர் பெயர் ஆஸ்பத்திரிக் கணக்கில் இருக்கிறது, அவள் பெயர் முகாம் கணக்கில். அனுப்பினால் அவளை மட்டும்தான் அனுப்புவார்கள். "அவர் எழும்பி நடக்குமட்டும் என்னை இஞ்ச இருக்க விடோணும் ஐயா. வேற ஒண்டும் கேக்கேல்லை" என்றாள். தினமும் நாலு மணிக்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோறு கொடுக்க வேண்டும், நாலுக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள்.

"நியாயமான கோரிக்கை" என்றார் வெள்ளைத்துரை. "படிவத்தை எடு."

படிவத்தில் நாற்பத்திரண்டு பத்திகள். கையெழுத்தை முதலில் வாங்கிவிடுவார்கள். முழுதும் கேட்டு முடிக்கும்வரை மனுதாரர்கள் தங்குவதில்லை என்பதைக் கண்டு தலைவர் கொண்டுவந்த சீர்திருத்தம் அது. நாகரத்தினம் கையெழுத்துப் போட்டாள். பிறகு பாட்டன் பெயர், பாட்டனின் தொழில், வந்த படகின் நீளம், படகோட்டியிடம் உரிமம் இருந்ததா, கடலில் எல்லையைக் கடந்தபோது மணி என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஒவ்வொரு கேள்வியையும் தலைவர் தமிழில் கேட்டார். காசிமாயன் அதைத் தமிழில் மறுபடி சொன்னார். அவள் தமிழில் சொன்ன பதிலைக் காசிமாயன் தமிழில் தலைவருக்குச் சொன்னார். முப்பதாம் பத்திக்கு வந்தபோது சுவர்க் கடிகாரத்தில் மூன்றரை ஆகியிருந்தது. அவள் கண் கடிகாரத்திலேயே இருந்தது.

முப்பத்தொன்றாம் பத்தி: 'தாய்நாடு திரும்பும் தமது உரிமையைப் பயன்படுத்தச் சம்மதிக்கிறாரா?'

இது ஏன் இந்தப் படிவத்தில் இருக்கிறது என்று ஒரு தடவை காசிமாயனே கேட்டிருந்தார். "தங்குவது ஓர் உரிமை, திரும்புவது ஓர் உரிமை. ஒன்றைக் காத்து மற்றதைக் காக்காமல் விட்டால் நாம் ஒருதலைப்பட்சமான மன்றம் ஆகிவிடுவோம்" என்று தலைவர் விளக்கியிருந்தார்.

"அக்கா, உங்க நாட்டுக்குத் திரும்பிப் போறதுக்குச் சம்மதம்னு கையெழுத்துப் போடுறீகளா, மாட்டீகளா?" என்று காசிமாயன் கேட்டார்.

நாகரத்தினம் அதற்குள் தூக்குச்சட்டியோடு எழுந்துவிட்டாள். "நேரம் போட்டுது தம்பி. அப்ப நான் போட்டு வாறன்" என்றாள். எல்லாரையும் கும்பிட்டாள். படி இறங்கிப் போய்விட்டாள்.

"என்ன சொன்னாள்?" என்றார் தலைவர்.

போட்டு வாறன். எதைப் போட்டு? காசிமாயனுக்குப் புரியவில்லை. சற்று முன்னால்தான் இருக்க விடுங்கள் என்று கேட்டவள். படி இறங்கிப் பின்னாலேயே ஓடி, 'அக்கா, என்ன சொன்னீக?' என்று கேட்டிருக்கலாம். பத்துப் படி. ஆனால் மொழிபெயர்ப்பாளர் அப்படி ஓடினால் தலைவர் என்ன நினைப்பார்? கதைக்கலாமோவை அவ்வளவு சுளுவாகப் பிரித்துக் கொடுத்தவர், போட்டு வாறனில் விழுந்துவிட்டார் என்று ஆகாதா? கேட்டது கையெழுத்துப் போடுவதைப் பற்றி. அப்படியானால் போடுவது கையெழுத்தாகத்தான் இருக்க வேண்டும்.

"கையெழுத்துப் போட்டு வர்றேன்னு சொல்றாங்கய்யா."

"அப்படியானால் சம்மதம். கையெழுத்துதான் ஏற்கெனவே இருக்கிறதே." தலைவர் மகிழ்ந்துபோனார். ஒரே படிவத்தில் இரண்டு உரிமைகளையும் கோரிய முதல் மனுதாரர் அவள்தான்.

காசிமாயன் முக்காலிக்கு மாறி அதை அடித்தார். ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. மூன்று நகல்களில் ஒன்று முகாம் அதிகாரிக்குப் போனது.

பங்குனி கடைசியில் பட்டியல் வந்தது. நாகரத்தினம் மறுபடியும் மாடி ஏறினாள். அன்று தலைவர் இல்லை.

"தம்பி, என்ர பேர் எப்பிடி வந்தது எண்டு விளங்கேல்லை. நீங்கள் ஐயாவிட்டச் சொல்லி என்ர மனுவை ஒருக்காப் பாக்கச் சொல்லுங்கோ. நான் சம்மதம் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லையே."

"பாப்போம்கா, கவலைப்படாதீக" என்றார் காசிமாயன். அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அவள் குடித்துவிட்டு எழுந்தாள்.

"சரி தம்பி. அப்ப நான் போட்டு வாறன்."

மேசையில் காகிதம் இல்லை. பேனா இல்லை. போடுவதற்கு எதுவுமே இல்லை. போய்விட்டு வருகிறேன் என்கிறாள். எழுமலையில் வீட்டை விட்டு இறங்கும்போதெல்லாம் அவரே சொல்கிற 'போயிட்டு வர்றேன்'தான் அது. அவள் தெருவில் இறங்கி நடந்து போவதைக் காசிமாயன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். கூப்பிடவில்லை.

மறுநாள் தலைவரிடம் சொன்னார். வெள்ளைத்துரை கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"காசிமாயன், நீ இதுவரை நூற்றுப் பதினாலு வாக்குமூலம் மொழிபெயர்த்திருக்கிறாய். ஒன்று தப்பு என்றால் நூற்றுப் பதினாலும் சந்தேகத்துக்கு உரியவை ஆகும். ஒரு பெண்மணிக்காக நூற்றுப் பதின்மூன்று பேரின் உரிமைகளை நான் சந்தேகத்துக்கு உள்ளாக்க முடியுமா?" என்றார். பிறகு பெருந்தன்மையாக, "இருந்தாலும் சீராய்வுக் குழுவைக் கூட்டுகிறேன்" என்றார்.

அழகர் ஆற்றில் இறங்குகிற வாரம் என்பதால் குழு பத்து நாள் தள்ளிக் கூடியது. ஓய்வுபெற்ற பதிவாளர் முத்திருளன் தலைமை. 'போட்டு வாறன்' என்ற தொடரை அவர் தாளில் எழுதி, தள்ளி வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார்.

"இதன் பொருள் போய் வருகிறேன் என்பதே என்று சொல்வது யார்?"

"நான்தாங்கய்யா."

"முதலில் கையெழுத்துப் போடுகிறேன் என்று பொருள் சொன்னது யார்?"

"அதுவும் நான்தாங்கய்யா."

"தப்பாக மொழிபெயர்ப்பவர் என்று உங்களை நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். அப்படிப்பட்டவர் இப்போது சொல்லும் மொழிபெயர்ப்பை இந்தக் குழு எப்படி நம்பும்?"

"அந்தம்மாவையே கூப்பிட்டுக் கேளுங்கய்யா."

"கேட்கலாம். விதி பதினான்கின்படி மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் கேட்க வேண்டும். அது நீங்கள்தான்."

முதல் மொழிபெயர்ப்பே செல்லும் என்று குழு ஒருமனதாக முடிவெடுத்தது. சம்மதத்தைத் திரும்பப் பெற அந்த அம்மாள் தனி மனுக் கொடுக்கலாம் என்று கருணையோடு ஒரு வரியும் சேர்த்தார்கள். திரும்பிப் போனவர்கள் மட்டுமே கொடுக்கக்கூடிய மனு அது. இலங்கை முகவரி கட்டாயம்.

காசிமாயன் வாடிப்பட்டி ரோட்டு முகாமுக்குப் போய் அதிகாரி நல்லகாமனைப் பார்த்தார். நல்லகாமன் கெட்ட மனுஷர் இல்லை. பெஞ்சைத் தட்டி உட்காரச் சொன்னார்.

"தம்பி, பட்டியல்ல ஒரு பேரை அடிக்கிறது எனக்கு ஒரு கோடு. நான் அடிச்சிருவேன். ஆனா அந்தம்மா போறேன்னு சொன்னதா எழுதிக் குடுத்தது யாரு? அவங்களுக்காக வாதாடுற மன்றம். நீங்களே போறாங்கங்கிறீங்க. இல்ல போகலைன்னு நான் சொன்னா, அகதியோட உரிமையில அதிகாரி தலையிட்டான்னு உங்க தலைவர்தான் என் மேல கேஸ் போடுவாரு. போன வருசம் போட்டாரு. பொதன்கிழமை சாயங்காலம் பட்டியலை முடிக்கிறேன். அதுக்குள்ள மொழிபெயர்த்த ஆளு, எனக்கு இந்தப் பாஷை தெரியாது, தெரியும்னு பொய் சொல்லி வேலை வாங்குனேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும். போதும்."

மொழிபெயர்த்த ஆள் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். மூன்று நாள் கையில் இருந்தது.

"அப்ப எழுதிக் குடுத்துர வேண்டியதுதான மாமா" என்றாள் செல்லத்தாய். அவருடைய பெண்டாட்டி.

"குடுத்தா வேலை போயிரும்டி. பொய் சொல்லிச் சேந்தவன்னு வெளிய எங்கயும் எடுக்க மாட்டாக."

"உங்களுக்கு வேலை போகும். அவுகளுக்கு?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். திங்கட்கிழமை எழுதவில்லை. செவ்வாய்க்கிழமை தாளைப் பொறியில் மாட்டி, தேதி அடித்து, உருவிக் கிழித்துப் போட்டார். வீட்டில் தூக்குச்சட்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் எழுதவில்லை.

புதன்கிழமை மன்றத்தின் ஆண்டு விழா. பட்டியலை முடிக்கப் போகிற நல்லகாமனே சிறப்பு விருந்தினர். தலைவரின் பேச்சைக் காசிமாயன்தான் அடிக்க வேண்டும். அடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. வெள்ளைத்துரை தன் பேச்சை முன்கூட்டிப் படிக்கிறவர் இல்லை. மேடையில் தாளைப் பார்த்து வாசிப்பார், அதில் என்ன இருந்தாலும் முழங்கிவிடுவார். காசிமாயன் தன் பெயரைப் போட்டுத் தன் வாயால் சொல்ல வேண்டியதைத் தலைவரின் தாளில் சேர்த்துவிட்டால், நல்லகாமன் காதிலும் விழும், தானும் எழுந்து நிற்க வேண்டியதில்லை. கோழைகளுக்குத்தான் இப்படிப்பட்ட புத்திசாலித்தனம் வாய்க்கும்.

ஐந்தாம் பக்கத்தில் சேர்த்தார். தன் பெயரை அடிக்கப் போனபோது விரல் நின்றுவிட்டது. 'நான்' என்று மட்டும் அடித்தார்.

மாலை நாலரைக்கு மன்றத்து மாடியிலேயே விழா. பயனாளி என்ற முறையில் நாகரத்தினத்துக்குப் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு நேராக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நல்லகாமன் மேடையில், மடியில் பட்டியல் இருந்த பையோடு.

வெள்ளைத்துரை நாலு பக்கம் உரிமைகளைப் பற்றி முழங்கினார். ஐந்தாம் பக்கத்தைத் திருப்பினார். "அந்த அம்மையார் சம்மதம் தரவில்லை" என்றார். குரலை ஏற்றினார். "போய் வருகிறேன் என்று விடைபெற்றார். போட்டு வாறன் என்ற அந்தச் சொல்லைக் கையெழுத்து என்று மாற்றிச் சம்மதம் என எழுதியது யார்?" ஒரு விரலை உயர்த்தினார். "நான்."

கைதட்டல்.

"எனக்கு அவருடைய பேச்சு தெரியாது. தெரியும் என்று பொய் சொன்னேன். ஒரு நாற்காலிக்காகப் பொய் சொன்னேன்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. முன்வரிசையில் முத்திருளன் எழுந்து நின்றே தட்டினார். வெள்ளைத்துரை குனிந்து கும்பிட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். அது நூல்நிலையத்துக்கு அலமாரி வாங்குவது பற்றியது.

நல்லகாமன் பேச எழுந்தார். "தலைவர் அவர்களின் தன்னடக்கத்தை எண்ணி வியக்கிறேன். தம்மையே குற்றவாளியாக நிறுத்திக்கொண்டு ஏழை அகதியின் துயரை எவ்வளவு உருக்கமாக உருவகித்தார்" என்றார். சொல்லும்போதே அவர் கண் காசிமாயனைத் தேடிக் கண்டுபிடித்தது. ஒரு கணம் அப்படியே நிறுத்தி, இவரையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். எழுந்து 'அது நான்தான்' என்று சொன்னால் போதும். ஒலிபெருக்கிகூட வேண்டாம். காசிமாயன் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது. நல்லகாமன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பேச்சை முடித்து, பையிலிருந்த பட்டியலில் கையெழுத்திட்டார்.

கூட்டம் கலைந்ததும் குடைக்கடை வாசலில் நாகரத்தினம் நின்றாள். பொன்னாடையை மடித்துக் கையில் வைத்திருந்தாள். அத்தனை பேர் இருந்த கூடத்தில், நல்லகாமனைத் தவிர, அந்தப் பேச்சைக் காதில் வாங்கியவள் அவள் ஒருத்திதான்.

"தம்பி, ஐயா வாசிச்சது... அவருக்கு முன்னால நான் அண்டைக்கு உங்களிட்டத்தான் போட்டு வாறன் எண்டு சொன்னனான். அதைச் சம்மதம் எண்டு எழுதினது நீங்களோ?"

"ஆமாக்கா."

அவள் பொன்னாடையை இன்னொரு மடிப்பு மடித்தாள்.

"இதைச் செய்தது ஆரோ பெரிய ஆக்கள் எண்டெல்லோ நான் நினைச்சுக்கொண்டிருந்தன்" என்றாள்.

காசிமாயனுக்கு அவள் காலில் விழ வேண்டும் போலிருந்தது. அதற்கும் ஆட்கள் பார்ப்பார்களே என்றுதான் முதலில் தோன்றியது. தோன்றியதற்காகத் தன்னையே வெறுத்தார்.

"வெள்ளிக்கிழமை கப்பல்" என்றாள் அவள். "அவருக்கு இன்னும் சொல்லேல்லை. ஆர் இனிச் சோறு குடுக்கிறது?"

"நான் குடுக்குறேன்கா."

அவள் யோசித்தாள். வேறு யாரும் அவளுக்கு அந்த ஊரில் இல்லை. தூக்குச்சட்டியை நீட்டினாள். பதினேழாம் வார்டு, ஜன்னலோரக் கட்டில். புளி ஆகாது. சோற்றைக் குழைய வடிக்கோணும். இடப்பக்கம் சரிக்கக் கூடாது. கோபப்படுவார், அதைப் பெரிசாக எடுக்கக் கூடாது.

காசிமாயன் பையிலிருந்து பேனாவை எடுத்தார். எழுத ஆரம்பித்தவர் நிறுத்தினார்.

"குழையன்னா என்னக்கா? நல்லா வெந்து மசியணும்ங்கிறீகளா? எனக்குச் சரியாத் தெரியல. இன்னொருக்காச் சொல்லுங்க."

அவள் முதலிலிருந்து சொன்னாள்.